முகப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் துருவம்

கானாடுகாத்தான் மாளிகை ஒன்றின் முகப்புக்கு மேலே நட்சத்திரங்கள் சக்கரமாகச் சுழலும் படம். இரவில் கேமராவோடு செட்டிநாட்டுக்கு வரும் பலருக்கும் இந்த ஆசைதான். லடாக்கின் ஹான்லேயில் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். முதல் தவறே அதுதான். ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ, அந்தச் சக்கரத்தின் மையமான துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய அத்தனை டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஹான்லேயில் சுமார் 33, காரைக்குடிப் பக்கம் 10. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. நம் துருவத்தின் உயரம் அவ்வளவுதான். எதிர்வீட்டு மதிலே மறைத்துவிடும்.

30 அடி உயர முகப்புக்கு மேல் துருவம் தலைகாட்ட வேண்டுமென்றால், வீட்டுக்குத் தெற்கே 150 அடியாவது தள்ளி நிற்க வேண்டும். தெருவில் அவ்வளவு இடம் ஏது? ஊருணிக்குப் போங்கள். தென்கரையில் நின்று வடக்கே பார்த்தால் தாழ்ந்த துருவமே வசதியாகிவிடும். காற்று அடங்கிய இரவில் வானத்து வளைவுகளும் தண்ணீரில் அவற்றின் பிம்பமும் ஒரே படத்தில் அடங்கும். வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், கேமராவை நேர்மேலே பார்த்து வைத்தால் சக்கரம் வராது, கிட்டத்தட்ட நேர்கோடுகள்தான் வரும். எனக்கு அதுவும் பிடிக்கும்.

அடுத்த தவறு, ஷட்டரை மூடாமல் ஒரு மணி நேரத்தை ஒரே எக்ஸ்போஷராக எடுப்பது. தெருவிளக்கு வெளிச்சத்தில் வானமே வெளுத்துப்போகும். லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 800 அல்லது 1600, ஒரு படத்துக்கு 30 நொடி என்று வைத்து வரிசையாக எடுங்கள். பிறகு ஸ்டார்ஸ்டாக்ஸ் போன்ற இலவச மென்பொருளில் ஒரே படமாக அடுக்கிக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி வில் கிடைக்கும். அமாவாசையை ஒட்டிய நாட்கள் நல்லது.

கேமராவில் 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்' என்று ஒன்று உண்டு. அதை மறக்காமல் அணையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு 30 நொடிப் படத்துக்கும் பிறகு இன்னொரு 30 நொடி இருட்டுப் படம் எடுத்துக்கொண்டு கேமரா சும்மா நிற்கும். அணைக்க மறந்த ஓர் இரவில் எனக்குக் கிடைத்தது கோடு போடாத புள்ளிக் கோலம்.

ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் உதவாது. திரையில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பி, அது நகராமல் டேப் ஒட்டிவிடுங்கள்.

அப்புறம் பனி. மார்கழி, தையில் வானம் துலக்கமாக இருக்கும். ஆனால் நள்ளிரவுக்கு மேல் லென்ஸ் வியர்த்துவிடும். படம் பாதியிலிருந்து மங்கிப்போனதைக் காலையில்தான் பார்ப்போம். லென்ஸைச் சூடாக வைக்க, பவர் பேங்கில் ஓடும் லென்ஸ் ஹீட்டர் பட்டை ஒன்று போதும்.

தெருவில் எடுப்பதானால் இன்னொன்று. விடியும் முன்பே யாராவது வாசல் தெளிக்க எழுந்து முகப்பு விளக்கைப் போடுவார்கள். அதற்குள் முடியாது என்றால், முந்தைய நாள் சாயங்காலமே அந்த வீட்டு ஆச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.