ஜாவாவில் பிராக்ஸி: எழுதும் முறையும் சறுக்கும் இடங்களும்

பொருளின் விலையை டேட்டாபேஸில் தேடித் தரும் கிளாஸ் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு குவெரி ஓடுகிறது. அதன் லாஜிக்கைத் தொடாமல் கேஷ் (ஒருமுறை எடுத்த விலையை நினைவில் வைக்கும் இடம்) சேர்க்க வேண்டும். அசலுக்கு முன்னால் நின்று அழைப்புகளை வாங்கிக்கொள்ளும் பதிலி ஆப்ஜெக்டை வைக்கும் பிராக்ஸி பேட்டர்னுக்கு ஏற்ற வேலை இது.

முதலில் 'விலைச்சேவை' என்று ஒரு இன்டர்ஃபேஸ் எழுதி, பழைய கிளாஸை அதன்கீழ் கொண்டுவாருங்கள். பிராக்ஸி கிளாஸுக்கும் அதே இன்டர்ஃபேஸ்தான். அசல் ஆப்ஜெக்டை வைத்திருக்கும் ஃபீல்டின் டைப்பும் இன்டர்ஃபேஸாகவே இருக்கட்டும். அப்போதுதான் ஒரு பிராக்ஸிக்கு முன்னால் இன்னொன்றை அடுக்க முடியும். விலை கேட்கும் மெத்தட் முதலில் கேஷைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் மட்டும் அசலை அழைக்க வேண்டும். பல த்ரெட்கள் ஓடும் சர்வரில் சாதாரண ஹேஷ்மேப் ஆகாது. கன்கரண்ட் ஹேஷ்மேப் வையுங்கள். விலையை மாற்றும் மெத்தடும் இதே பிராக்ஸி வழியாகவே போய், அசலில் மாற்றியதும் கேஷிலிருந்து அந்தப் பொருளை நீக்க வேண்டும். இதை மறந்தால் வாடிக்கையாளர் பழைய விலையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்டர்ஃபேஸ்கள் பெருகினால் கையால் எழுதிக் கட்டுப்படியாகாது. 2000-இல் வந்த ஜாவா 1.3 முதலே டைனமிக் பிராக்ஸி, அதாவது புரோகிராம் ஓடும்போதே பிராக்ஸி கிளாஸை உருவாக்கித் தரும் வசதி, இருக்கிறது. கிளாஸ்லோடர், இன்டர்ஃபேஸ் பட்டியல், ஒவ்வொரு அழைப்பும் வந்து சேரும் இன்வொகேஷன் ஹேண்ட்லர் மூன்றையும் கொடுத்தால் போதும். ஹேண்ட்லருக்குள் மெத்தடை அசல் ஆப்ஜெக்ட் மீதே இன்வோக் செய்யுங்கள்; ஆர்கியுமென்டாக வரும் பிராக்ஸி மீது செய்தால் ஹேண்ட்லர் தன்னையே திரும்பத் திரும்ப அழைத்து ஸ்டாக் நிரம்பிவிடும். அசல் எறியும் எக்ஸெப்ஷன், இன்வொகேஷன் டார்கெட் எக்ஸெப்ஷனுக்குள் பொதிந்து வரும். அதைப் பிரித்து உள்ளிருப்பதை எறியாவிட்டால் அழைத்தவரின் கேட்ச் பிளாக்கில் சிக்காது.

ஆனால் அதிகம் ஏமாற்றுவது வேறு. பிராக்ஸி வாசலில்தான் நிற்கிறது, வீட்டுக்குள் இல்லை. பிராக்ஸி வழியாக வேலை செய்யும் ஜாவா ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங்கில் ட்ரான்ஸாக்‌ஷனல் (எல்லாம் நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது) என்று குறித்த மெத்தடை அதே கிளாஸின் இன்னொரு மெத்தட் அழைத்தால், அந்த அழைப்பு பிராக்ஸியைத் தொடுவதே இல்லை. எர்ரரும் வராது. நடுவில் ஏதாவது விழுந்தால், பாதி எழுதிய வரிசைகள் டேட்டாபேஸில் அப்படியே தங்கிவிடும். குறித்த மெத்தடைத் தனி பீனுக்கு (ஸ்பிரிங் நிர்வகிக்கும் ஆப்ஜெக்ட்) நகர்த்துவதே நேரான தீர்வு.

ஸ்பிரிங் பயன்படுத்தும் சிஜிலிப் (CGLIB) லைப்ரரியின் பிராக்ஸி, அசல் கிளாஸின் சப்கிளாஸாக உருவாகிறது. அதனால் ஃபைனல் கிளாஸ் என்றால் பிராக்ஸியே உருவாகாது. மெத்தட் மட்டும் ஃபைனல் என்றால் இன்னும் மோசம்: அது பிராக்ஸி ஆப்ஜெக்டிலேயே ஓடும், அங்கே ஃபீல்டுகள் காலியாக இருப்பதால் நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் வரும். சந்தேகம் வந்தால், இன்ஜெக்ட் ஆன ஆப்ஜெக்டின் கிளாஸ் பெயரை லாகில் அச்சிடுங்கள். அதில் சிஜிலிப் என்றோ பிராக்ஸி என்றோ இல்லையென்றால், கையில் இருப்பது அசல்தான்.