முதியோர் உதவித்தொகை மனு எங்கே நிற்கிறது? கண்டுபிடிப்பதும் நகர்த்துவதும்

முதியோர் உதவித்தொகைக்கு மனுப் போட்டுவிட்டு ஆறு மாதம், ஒரு வருடம் என்று காத்திருப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். போய்க் கேட்டால், "மேலே அனுப்பியாச்சு, வரும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். தமிழ்நாட்டில் இந்த மனு கடக்க வேண்டியது மூன்று மேசைகளைத்தான்: முதலில் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), அடுத்து வருவாய் ஆய்வாளர், கடைசியாகத் தாலுகா அலுவலகத்தில் உட்காரும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். ஓ.ஏ.பி. தாசில்தார் என்று ஊரில் சொல்வது இவரைத்தான். மனு எந்த மேசையில், எந்தத் தேதியிலிருந்து கிடக்கிறது என்று தெரிந்தால்தான் யாரிடம் எதைக் கேட்பது என்பது தெளிவாகும். கீழே உள்ளதெல்லாம் அதற்கான வழி. ஆதரவற்ற விதவை, கணவரால் கைவிடப்பட்டவர், மாற்றுத்திறனாளி உதவித்தொகை மனுக்களும் பெரும்பாலும் இதே பாதையில்தான் போகின்றன.

தொகை எவ்வளவு என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் முதியோர், விதவை உதவித்தொகை மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு அதே ஆண்டு ஜனவரியிலேயே 1,500 ஆக்கப்பட்டது. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் வருபவர்களுக்கு, 60 முதல் 79 வயது வரை மத்திய அரசின் பங்கு 200 ரூபாய், 80 வயதிலிருந்து 500 ரூபாய். மீதியை மாநில அரசு போடுகிறது. மத்தியத் திட்டத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பேர் என்று உச்சவரம்பு உண்டு. "காலியிடம் வந்தால் போடுகிறோம்" என்ற பதிலின் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான்.

மனுப் போடும் முன்

தாமதத்தில் பெரும்பகுதி மனுப் போடும் நாளிலேயே விதைக்கப்பட்டுவிடுகிறது. ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, வங்கிப் பாஸ்புக் நான்கையும் ஒரே மேசையில் பரப்பி, பெயரையும் வயதையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் 'முனியம்மாள்', இன்னொன்றில் 'முனியம்மா' என்று இருக்கும். ஆதாரில் 58, வாக்காளர் அட்டையில் 63 என்று இருக்கும். அறுபது வயது ஆகிவிட்டதா என்று அலுவலகம் முதலில் பார்ப்பது ஆதாரைத்தான். அதில் வயது குறைவாக இருந்தால், மனுப் போடுவதற்கு முன்பே திருத்துங்கள். ஆதாரில் பிறந்த தேதியைச் சாதாரணமாக ஒரு முறைதான் மாற்ற முடியும். எனவே வலுவான ஆவணத்தைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.

அடுத்தது குடும்ப அட்டை. இந்த உதவித்தொகை ஆதரவற்றோருக்கானது. அட்டையில் சம்பாதிக்கும் மகன் பெயர் இருந்தால் வி.ஏ.ஓ. அறிக்கையில் "மகன் ஆதரவில் உள்ளார்" என்று ஒரு வரி விழும், மனு அங்கேயே முடிந்துவிடும். மகன் திருமணமாகி வெளியூரில் தனிக் குடித்தனம் இருந்தும் பழைய அட்டையில் பெயர் நீக்காமல் விட்ட வீடுகள் ஏராளம். உண்மையிலேயே தனியாகச் சமைத்துச் சாப்பிடும் முதியவர் என்றால், முதலில் மகன் பெயரை மகனுடைய தனி அட்டைக்கு மாற்றிவிட்டு அதன்பின் மனுப் போடுங்கள். இல்லாததை இருப்பதாகக் காட்டிப் பிரிக்க வேண்டாம். விசாரணைக்கு வரும்போது பக்கத்து வீட்டில்தான் கேட்பார்கள்.

மூன்றாவது, பட்டா. ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் அசையாச் சொத்து இருக்கக் கூடாது என்பது தகுதி விதி. ஐந்து அண்ணன் தம்பிகளும் எப்போதோ பாகம் பிரித்துக்கொண்டு, கூட்டுப் பட்டாவில் மட்டும் மனுப் போடும் பாட்டியின் பெயர் இன்னும் இருக்கும். வி.ஏ.ஓ. கணக்கைத் திறந்தால் ஏக்கர் கணக்கில் நிலம் தெரியும். தமிழ்நாடு அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் பட்டா விவரத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். அப்படி ஏதாவது நின்றால், பாகப் பத்திரத்தின் நகலை மனுவோடு சேர்த்துக் கொடுங்கள். அதற்காகப் பட்டா மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

விதவை உதவித்தொகைக்குக் கணவரின் இறப்புச் சான்று கட்டாயம். இறப்பைப் பதியாமல் ஒரு வருடம் தாண்டிவிட்டால் வருவாய் கோட்டாட்சியரின் உத்தரவு பெற்றுத்தான் பதிய முடியும். அது தனி வேலை, முதலில் அதை முடியுங்கள்.

இ-சேவை மையத்தில் கவனிக்க வேண்டியவை

மனு இ-சேவை மையம் வழியாகப் போகும். அங்கே கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது செல்போன் எண். முதியவரிடம் போன் இல்லை என்பதால் மையத்துக்காரர் தன் எண்ணையோ வரிசையில் நிற்கும் வேறொருவர் எண்ணையோ போட்டுவிடுவார். அதன்பின் ஒவ்வொரு குறுஞ்செய்தியும் சம்பந்தமில்லாத ஒருவருக்குப் போகும். "கூடுதல் ஆவணம் தேவை" என்று மனு திருப்பி அனுப்பப்பட்ட செய்தியும் அப்படித்தான் காணாமல் போகிறது. நீங்கள் அங்கே அலைந்துகொண்டிருக்க, மனு மீண்டும் உங்கள் பக்கம் வந்து நின்றுகொண்டிருக்கும். மகள், பேரன், பக்கத்து வீட்டு ஆசிரியை என்று குறைந்தது இரண்டு வருடமாவது மாறாத எண் ஒன்றைக் கொடுங்கள்.

ஸ்கேன் செய்ததைத் திரையில் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். மங்கலான பாஸ்புக் பக்கத்தில் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் தெரியாமல் போவது சாதாரணமாக நடக்கும். ஒப்புகைச் சீட்டில் இருக்கும் மனு எண் மிக முக்கியம். சீட்டின் மை சில மாதங்களில் வெளிறிவிடும், ஆகவே அன்றே போட்டோ எடுத்துவைத்து, குடும்ப அட்டையின் நகலிலும் எண்ணைக் கையால் எழுதிவிடுங்கள்.

விசாரணை நாள்

வி.ஏ.ஓ. வரும்போது முதியவர் வீட்டில் இல்லையென்றால் "விலாசத்தில் இல்லை" என்று எழுத இடமாகிவிடும். மனுப் போட்ட ஒரு வாரத்துக்குள் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு நேரில் போய், மனு எண்ணைக் கொடுத்து, எந்த நாளில் வருவார் என்று கேளுங்கள். அவரால் வர முடியாவிட்டால் முதியவரையே அழைத்துப் போகலாம். இந்த விசாரணைக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. "அறிக்கைக்கு இவ்வளவு" என்று யாராவது கேட்டால், கொடுக்காமல் தேதியையும் இடத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு விஷயம். ஒரே வி.ஏ.ஓ. இரண்டு, மூன்று கிராமங்களைப் பொறுப்பில் பார்க்கும் தாலுகாக்களில் மனு வாரக்கணக்கில் பார்க்கப்படாமலே கிடப்பது உண்டு. அதைக் கோபமாகக் கேட்பதைவிட எண்ணைச் சொல்லி நேரில் கேட்பதுதான் வேலையை நகர்த்தும்.

நகரவில்லை என்றால்

ஒரு மாதம் ஆகியும் அசைவு இல்லையென்றால் இ-சேவை இணையதளத்தில் மனு எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். எந்த அலுவலரிடம் நிலுவை என்று அதில் தெரியும். அந்த அலுவலருக்கும் தனி வட்டாட்சியருக்கும் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். கதையெல்லாம் வேண்டாம். இவ்வளவு போதும்:

"நான் (நாள்) அன்று முதியோர் உதவித்தொகை கோரி விண்ணப்பித்தேன். மனு எண் (…). இன்றுவரை முடிவு தெரிவிக்கப்படவில்லை. மனு தற்போது எந்த அலுவலரிடம், எந்தத் தேதியிலிருந்து நிலுவையில் உள்ளது என்பதையும், ஏதேனும் ஆவணம் குறைவாக இருந்தால் அதையும் எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு அல்லது பதில் என்று பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை 21.09.2015 தேதியிட்ட அரசாணை எண் 99-இல் சொல்லியிருக்கிறது. கடிதத்தின் அடியில் அதை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். இரண்டு படி எடுத்துப் போய், உங்கள் படியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எழுத்தில் கேட்காத கேள்விக்கு அலுவலகத்தில் எந்தத் தடயமும் இருக்காது.

அதற்கும் பதில் இல்லையென்றால், திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்துக்குப் போகலாம். இந்தத் திட்டங்களுக்கு மாவட்ட அளவில் பொறுப்பு தனித்துணை ஆட்சியர், சமூகப் பாதுகாப்புத் திட்டம். மனுவில் அவரைக் குறிப்பிட்டே எழுதுங்கள். முதல்வரின் முகவரி எண்ணான 1100-க்கும் அழைக்கலாம். ஆனால் எந்த வழியில் போனாலும் மனு திரும்பி அதே தனி வட்டாட்சியரிடம்தான் அறிக்கைக்கு வரும். ஆகவே பத்து இடத்தில் பத்துப் புது மனு போடுவதில் பயனில்லை. ஒவ்வொன்றிலும் பழைய மனு எண்ணையே எழுதுங்கள். இல்லாவிட்டால் புதிதாக விசாரணை தொடங்கிக் காலம் இன்னும் நீளும்.

இத்தனைக்கும் பிறகு கைகொடுப்பது தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்ப வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர் சான்று இணைத்தால் கட்டணம் இல்லை. பலர் சறுக்குவது இங்கேதான். "ஏன் தாமதம்?" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று தட்டிவிடுவார்கள். ஆவணமாக இருப்பதைக் கேளுங்கள்: என் மனுவை ஒவ்வோர் அலுவலரும் பெற்ற தேதி, அனுப்பிய தேதி, வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் அறிக்கைகளின் நகல். எங்கள் தாலுகாவில் இந்தத் திட்டத்தில் இன்றைய தேதியில் உள்ள காலியிட எண்ணிக்கை. என் மனுத் தேதிக்குப் பின் விண்ணப்பித்தவர்களில் ஒப்புதல் பெற்றோர் எண்ணிக்கை. இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத உட்காரும்போது கோப்பு தானாகவே வெளியே வரும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதன் முடிவிலும் குறை இருந்தால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

மனு தள்ளுபடி ஆகியிருந்தால் முதலில் காரணம் எழுதிய ஆணையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்ன காரணமும் ஆணையில் உள்ள காரணமும் வேறாக இருப்பது உண்டு. "மகன் ஆதரவு" என்று இருந்தால் மகனின் தனிக் குடும்ப அட்டை நகலையும், "சொத்து உண்டு" என்றால் பாகப் பத்திரத்தையும் வைத்து வருவாய் கோட்டாட்சியரிடம் முறையிடலாம். வழக்கறிஞர் துணை வேண்டுமென்றால், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். எண் 15100.

ஆணை வந்தும் பணம் வரவில்லை

இதுதான் மனதை மிகவும் வருத்துவது. கையில் ஆணை இருக்கும், கணக்கில் காசு இருக்காது. முதலில் ஆணையில் எந்த மாதத்திலிருந்து வழங்கப்படும் என்று எழுதியிருக்கிறது எனப் பாருங்கள். அந்த மாதம் கடந்திருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஆதார் இணைப்பு. வங்கிக் கணக்கில் ஆதாரை இணைப்பது வேறு, அரசுப் பணம் அந்தக் கணக்குக்கு வரும்படி தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகத்தின் (என்.பி.சி.ஐ.) பட்டியலில் ஏற்றுவது வேறு. முதலாவதைச் செய்துவிட்டு "ஆதார் கொடுத்துவிட்டேனே" என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஓர் ஆதாருக்கு அந்தப் பட்டியலில் ஒரு வங்கிதான் இருக்கும், கடைசியாக ஏற்றியதே நிற்கும். சிம் வாங்கும்போதோ தபால் வங்கிக் கணக்கு தொடங்கும்போதோ கைரேகை வைத்த பாட்டியின் பணம், அவருக்கே தெரியாத கணக்கில் மாதாமாதம் சேர்ந்துகொண்டிருக்கக்கூடும்.

ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் நுழைந்து, வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியைத் திறந்தால் எந்த வங்கியில் ஏற்றியிருக்கிறது என்று தெரியும். ஆதாரில் பதிந்த செல்போனுக்கு ஓ.டி.பி. வரும். வேறு வங்கி காட்டினால், பணம் வர வேண்டிய வங்கிக் கிளையில் ஆதார் வழி அரசு உதவித்தொகை பெறுவதற்கான ஒப்புதல் படிவத்தை எழுதிக் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். சில நாள் கழித்து மறுபடி பார்த்து உறுதிசெய்யுங்கள். கணக்கு, வாடிக்கையாளர் விவரத்தை (கே.ஒய்.சி.) புதுப்பிக்காததால் முடங்கியிருக்கிறதா என்றும் அதே நாளில் கேட்டுவிடுங்கள்.

பல மாதம் வந்துகொண்டிருந்தது திடீரென நின்றால், வேறு காரணங்களும் உண்டு. கள ஆய்வின்போது ஆள் வீட்டில் இல்லாமல் போயிருக்கலாம், ஒரே ஆதார் இரண்டு திட்டங்களில் தெரிந்திருக்கலாம், உயிரோடு இருப்பவரை இறந்தவர் என்று குறித்திருக்கவும் கூடும். முதியவரை நேரில் அழைத்துக்கொண்டு, ஆதார், பாஸ்புக்கின் கடைசிப் பக்கம், வி.ஏ.ஓ. தரும் உயிர்வாழ் சான்று ஆகியவற்றோடு தனி வட்டாட்சியரிடம் போங்கள். நின்ற மாதங்களின் நிலுவைத் தொகையையும் அதே மனுவில் தெளிவாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் பணம் அடுத்த மாதத்திலிருந்து மட்டும் தொடங்கிவிடும், இடைப்பட்டதை யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பணம் தரும் வங்கி முகவர், தொகையிலிருந்து பிடித்தம் எதுவும் செய்யக் கூடாது. அவருக்கு வங்கி கமிஷன் தருகிறது. விரல்ரேகை தேய்ந்து இயந்திரம் ஏற்காவிட்டால், கையைக் கழுவித் துடைத்து வேறு விரலை வைத்துப் பார்க்கலாம். அதுவும் ஏற்காவிட்டால் ஆதார் மையத்தில் கைரேகையையும் கருவிழியையும் புதுப்பியுங்கள். அதுவரை கிளைக்கு நேரில் போய், பணம் எடுக்கும் படிவத்தில் கைநாட்டு வைத்துப் பெற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் பாஸ்புக்கில் வரவு பதிந்து வாருங்கள். எந்த மாதம் நின்றது என்று காட்ட அதைவிட நல்ல சான்று வேறில்லை.