சருகை எரிக்காமல் என்ன செய்யலாம்?

மாசி பிறந்தால் எங்கள் தெரு வேம்புகள் மூன்றே வாரத்தில் மொட்டையாகிவிடும். சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊர். வாசல் தெளித்த கையோடு வீட்டுக்கு வீடு சருகைக் கூட்டித் தீ வைப்பார்கள். ஏழு மணிக்குத் தெருவே புகைக்குள் இருக்கும். என் மனைவிக்கு இளைப்பு. அந்த நாட்களில் உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துவிட்டு ஓய்வுபெற்றவனுக்கு இந்தப் புகையை நிறுத்துவதே அடுத்த வேலையாக அமைந்தது.

"எரிக்காதீர்கள்" என்று சொல்லிப் பார்த்தேன். "அப்படியானால் நீங்களே அள்ளிக்கொண்டு போங்கள், அண்ணாச்சி" என்றார் எதிர்வீட்டு மதினி. நியாயம்தான். அறிவுரையை விட்டுவிட்டுக் கடகப்பெட்டியோடு போய்ச் சருகைக் கேளுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள். அபராதம், சட்டம் என்று தொடங்கினால் பேச்சுவார்த்தையே நின்றுவிடும்.

அள்ளிய சருகை மட்கவைத்து உரமாக்கலாம். அதற்குக் குழி தோண்ட வேண்டாம், ஐப்பசி மழையில் தண்ணீர் நின்றுவிடும். பத்தடிக் கோழிவலையை வளைத்துக் கட்டினால் மூன்றடி அகலக் கூண்டு கிடைக்கும். அரையடிக்குச் சருகு, அதன்மேல் ஒரு வாளி சாணிக் கரைசல், இரண்டு கை மண். இப்படியே அடுக்கிக்கொண்டு போங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. 15 நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது, காய்ந்த சருகு சேருங்கள். எறும்பு குடியேறினால் தண்ணீர் தெளியுங்கள். மீன் கழிவைப் போடவே போடாதீர்கள். போட்டுவிட்டு இரண்டு இரவு நாய்களோடு நான் பட்ட பாடு போதும். மாசியில் கட்டிய கூண்டு ஆடியில் பாதி உயரத்துக்கு இறங்கித் தேயிலைத்தூள் போல இருந்தது. மதினியே இரண்டு பெட்டி வாங்கிப் பீர்க்கங்கொடிக்குப் போட்டார்.

தென்னோலை லேசில் மட்காது. ஈர்க்கைக் கீறி வாரியல் கட்டுங்கள், மட்டையை வேலிக்கு வையுங்கள். பால் கவர், டயர், பிளாஸ்டிக் குழாய் இவற்றைத் தனியே எடுத்துவிடுங்கள். பிவிசி குழாய் எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சு வரும். போகி அன்றும் அதே கதைதான்.

புகையிலுள்ள நுண்துகள் 2.5 மைக்ரானுக்கும் சிறியது. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. நுரையீரலின் அடிவரை போய்விடும். அதிலிருக்கும் கரி வெயிலை உறிஞ்சிக் காற்றையும் சூடாக்குகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அது எங்கள் தெருப் புகையால் வந்தது என்றால் பொய். ஆனால் சூடான காற்று நீராவியை அதிகம் சுமக்கும், கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். தாமிரபரணி ஏறி வந்ததைப் பார்த்த பிறகு, இதைத் தெருவில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கூண்டு நம் வேலை. மற்ற குப்பைக்கு ஊராட்சி வழி சொல்ல வேண்டும். திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே தடை செய்துவிட்டது, எனவே "தடை செய்யுங்கள்" என்று மனு எழுதிப் பயனில்லை. தூய்மைக் காவலர் எந்தக் கிழமை வருவார், பிளாஸ்டிக்கை எங்கே சேர்ப்பது என்று கேளுங்கள். கிராம சபை வருடத்தில் ஆறு முறை கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தீர்மானத்தை எழுதி வாசிக்கும் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். நான் ஒருமுறை டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் என் கோரிக்கை 'பரிசீலிக்கப்படும்' என்று ஆகியிருந்தது.