ரீசார்ஜ் ரசீது போதாது: பயண அட்டையில் சென்ற அலுவலகப் பயணத்துக்குச் செலவுத் தொகை பெறுவது எப்படி?

மாதக் கடைசியில் கணக்குப் பிரிவுக்கு வரும் பயணச் செலவுக் கோரிக்கைகளில், தவறாமல் திருப்பி அனுப்பப்படுகிற வகை ஒன்று உண்டு. மெட்ரோ, பேருந்துகளில் கட்டணம் செலுத்தப் பயன்படும் பயண அட்டையில் 1,000 ரீசார்ஜ் செய்த ரசீதை இணைத்து, அதன் மேல் ‘அலுவலகப் பயணம்’ என்று எழுதி, முழுத் தொகையையும் கேட்டிருப்பார்கள். பணம் கையைவிட்டுப் போனது உண்மை, ரசீதும் அசல்தான். ஆனாலும் அது செலவுக்குச் சான்று ஆகாது. ரீசார்ஜ் செய்வதென்பது ஒரு பையில் இருந்த பணத்தை இன்னொரு பைக்கு மாற்றி வைப்பது போன்றது. நிலைய வாயிலில் அட்டையைத் தொட்டு, கட்டணம் கழிக்கப்படும்போதுதான் செலவு ஏற்படுகிறது. எனவே நீங்கள் கோர வேண்டியது கழிக்கப்பட்ட கட்டணத்தை. அதற்குச் சான்றாக வைக்க வேண்டியது அட்டையின் பயண விவரப் பட்டியலை.

பட்டியலை எடுப்பதற்கு முன், எந்தப் பயணம் கோரிக்கைக்கு உரியது என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்து வழக்கமான பணியிடத்துக்குப் போய்வரும் செலவைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை. பல நாடுகளின் வரி விதிகளும் அதைச் சொந்தச் செலவாகவே கருதுகின்றன. அலுவலகத்திலிருந்து வாடிக்கையாளரிடமோ, கிளைக்கோ, பயிற்சி நடக்கும் இடத்துக்கோ செல்வது உரிய பயணம். வீட்டிலிருந்து நேரே வாடிக்கையாளரிடம் செல்லும் நாளில்தான் கேள்வி எழும்: சில நிறுவனங்கள் முழுக் கட்டணத்தையும் தரும், சில நிறுவனங்கள் அன்றாடம் அலுவலகம் வர ஆகும் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் தரும். உங்கள் நிறுவனத்தின் பயண விதியில் இந்த ஒரு வரியையாவது முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகப் பயணம் அடிக்கடி உள்ளவர்கள் அதற்கென்று தனி அட்டை வைத்துக்கொள்வது, பின்னால் வரும் சிக்கல்களில் பாதியை முளையிலேயே கிள்ளிவிடும். அந்த அட்டையை உங்கள் பெயரில் பதிவு செய்வதும் அவசியம். பதிவு செய்யாத அட்டைக்கு இணையத்தில் பயண விவரம் கிடைக்காமல் போகலாம். தொலைந்தால் அதிலுள்ள இருப்பை மீட்பதும் கடினம். புதிய அட்டை வாங்கும்போது கட்டும் தொகை திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை என்றால் அதைச் செலவில் சேர்க்கக் கூடாது. திரும்பக் கிடைக்காத விலை என்றால், அலுவலகத் தேவைக்காகவே வாங்கியது என்று குறிப்பிட்டுக் கேட்கலாம்.

பயண விவரப் பட்டியல் நாளையும் நேரத்தையும் கட்டணத்தையும் சொல்லும். எதற்காகப் போனீர்கள் என்பதைச் சொல்லாது. பேருந்துப் பயணங்களில் அது இன்னும் குறைவாகவே பேசும். லண்டன் பேருந்துகளைப் போல ஏறும்போது மட்டும் அட்டையைத் தொட வேண்டிய இடங்களில், எங்கே இறங்கினீர்கள் என்பதற்கு அட்டையில் பதிவே இருக்காது. ஆகவே பயணம் முடிந்த அன்றே கைபேசியின் நாட்காட்டியில் ஒரு வரி எழுதி வையுங்கள்: புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், சந்தித்தவர் அல்லது வேலை. கழிந்த தொகையை வாயிலிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளலாம் என்று நம்பியிருக்க வேண்டாம். சிங்கப்பூரில் பழைய அட்டைகளுக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட ‘சிம்ப்ளிகோ’ கட்டண முறையில், 2024 தொடக்கத்தில் கட்டணமும் இருப்பும் வாயிலில் தெரியவில்லை. செயலி போன்றவற்றில்தான் பார்க்க முடிந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் பழைய அட்டைகளை நிறுத்தும் முடிவு பொதுமக்களின் அதிருப்தியால் கைவிடப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

பட்டியலை எப்போது எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம், ஏனென்றால் விவரங்கள் காலவரையின்றிச் சேமிக்கப்படுவதில்லை. ஜப்பானின் சுய்கா அட்டையில், நிலைய இயந்திரத்தில் அச்சிட்டுக் கிடைப்பது கடைசி 100 பதிவுகள் வரைதான், அதுவும் 26 வாரங்களுக்கு உட்பட்டவை. சில அட்டைகளில் இந்த எல்லை இன்னும் குறுகியது. காலாண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், முதல் மாதப் பயணங்களுக்குச் சான்றே இல்லாமல் போகக்கூடும். மாதம் ஒருமுறை பிடிஎஃப் வடிவில் இறக்கி வைத்துவிடுவது நல்லது. எக்செல் கோப்பாகக் கிடைத்தாலும் அதைத் திருத்தி இணைக்காதீர்கள். திருத்தக்கூடிய கோப்பைச் சான்றாக ஏற்கக் கணக்குப் பிரிவினர் தயங்குவது நியாயமே.

ஒரே அட்டையில் சொந்தப் பயணங்களும் கலந்திருந்தால், அலுவலகப் பயண வரிகளைத் தனித்துத் தெரியும்படி அடையாளமிட்டு, அவற்றின் கூட்டுத்தொகையை ஓரத்தில் எழுதுங்கள். மாலையில் நீங்கள் எங்கே போனீர்கள் என்பது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அந்த வரிகளை மறைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டு மறைக்கலாம். சுய்கா, ஹாங்காங்கின் ஆக்டோபஸ் போன்ற அட்டைகளால் கடைகளிலும் பொருள் வாங்க முடியும் என்பதால், இருப்பு குறைந்த தொகை முழுவதையும் பயணச் செலவாக எண்ணிவிடக் கூடாது.

இனி, அதிகம் தடுமாற வைக்கும் இடத்துக்கு வருவோம். பல நகரங்களில் ஒரு நாளில் எத்தனை முறை பயணம் செய்தாலும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் கழிக்க மாட்டார்கள். அந்த உச்சவரம்பு 100 என்றும், ஒவ்வொரு பயணமும் 40 என்றும் வைத்துக்கொள்வோம். பகலில் இரண்டு அலுவலகப் பயணங்கள், இரவில் ஒரு சொந்தப் பயணம் என்றால் 40, 40, 20 என்று கழியும். அலுவலகத்திடம் 80 கேட்கலாம், ஏனென்றால் சொந்தப் பயணமே இல்லாதிருந்தாலும் அந்த 80 செலவாகியிருக்கும். வரிசை மாறி, சொந்தப் பயணம் முதலில் வந்தால் அலுவலகப் பயணங்களுக்கு 40, 20 என்று 60 மட்டுமே கழிந்திருக்கும். தனியாகப் போயிருந்தால் 80 ஆகியிருக்குமே என்று வாதிடத் தோன்றும். மொத்தத் தொகையைப் பயணங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பகிர்வதும் ஒரு முறைதான். ஆயினும் பட்டியலில் அந்தப் பயணத்துக்கு நேரே என்ன தொகை இருக்கிறதோ அதையே கேட்பதுதான் என் பரிந்துரை. சான்றும் கோரிக்கையும் ஒன்றுக்கொன்று பொருந்தும், விளக்கக் கடிதம் எழுத வேண்டியிராது. நாள் எங்கே தொடங்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்: லண்டனில் அந்த நாள் அதிகாலை 4.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் 4.29க்கு முடிவதால், நள்ளிரவு தாண்டிய பயணம் முந்தைய நாள் கணக்கில் சேரும்.

மாதாந்தரப் பாஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். பாஸ் செல்லுபடியாகும் எல்லைக்குள் நடந்த அலுவலகப் பயணத்துக்குக் கூடுதலாக எதுவும் கழியவில்லை என்றால், கேட்க எதுவும் இல்லை. எல்லையைத் தாண்டியதற்காகக் கழிந்த கூடுதல் கட்டணத்தை மட்டும் கேட்கலாம்.

வெளியேறும்போது அட்டையைத் தொட மறந்தால், பல இடங்களில் அதிகபட்சக் கட்டணம் கழிக்கப்படும். அதை அப்படியே அலுவலகத்தின் தலையில் கட்டாமல், முதலில் போக்குவரத்து நிறுவனத்திடம் திருத்தம் கேளுங்கள். திருத்திய தொகை வங்கிக் கணக்குக்கு வராமல் அட்டையிலேயே வரவு வைக்கப்படுவது உண்டு. ஓரிரு வாரம் கழித்து வருவதால் கண்ணில் படாமல் போகும். அதற்குள் முழுத் தொகையையும் பெற்றிருந்தால், அடுத்த மாதக் கோரிக்கையில் அதைக் கழித்துக் காட்டுங்கள்.

வெளிநாட்டுப் பயணத்தில் மட்டும் ரீசார்ஜ் ரசீதுக்கு வேலை உண்டு. கட்டணம் அந்நாட்டு நாணயத்தில் கழிந்தாலும், உங்கள் பணம் எந்த மாற்று விகிதத்தில் போனது என்பதை ரீசார்ஜ் செய்த நாளின் வங்கிப் பதிவுதான் காட்டும். எனவே பயணப் பட்டியலோடு அதையும் இணைக்க வேண்டும். மீதமாகும் இருப்பு வேறொரு தொல்லை. ஜப்பானில் வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று தரப்படும் ‘வெல்கம் சுய்கா’ அட்டை 28 நாள்தான் செல்லும், அதன் இருப்பும் திருப்பித் தரப்படுவதில்லை. இத்தகைய அட்டையில் சிறுகச் சிறுக நிரப்புங்கள். கடைசியில் மிஞ்சுவதை நிறுவனம் ஏற்குமா என்பது அதிகாரியின் முடிவு. காரணத்தை எழுதித் தனி வரியாகக் கேளுங்கள், பயணக் கட்டணத்தோடு கலந்து மறைக்காதீர்கள்.

படிவத்தில் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி: நாள், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், நோக்கம், கழிந்த கட்டணம். அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை மேலே எழுதினால் பட்டியலோடு ஒப்பிடுவது எளிது. பட்டியலே எடுக்க முடியாத அட்டை என்றால், நாட்காட்டிக் குறிப்பையும் அந்தத் தடத்தின் அறிவிக்கப்பட்ட கட்டணத்தையும் வைத்துச் சுய அறிவிப்பு எழுதிக் கொடுக்கலாம். சிறு தொகைகளுக்கு அதை ஏற்கும் நிறுவனங்கள் உண்டு. ரீசார்ஜ் தொகையை நிறுவனமே முன்பணமாகக் கொடுத்திருந்தால் கணக்கு தலைகீழாகும்: பயணங்களைக் காட்டி அந்த முன்பணத்தை நேர்செய்ய வேண்டும். வேலையை விட்டு விலகும் நாளில் அட்டையில் எஞ்சியிருக்கும் இருப்பு நிறுவனத்துடையது.