எழுதும் ஆசையைக் கெடுக்கும் தவறுகள்

எழுத ஆசைப்பட்டு, நோட்டு வாங்கி, பத்துப் பக்கம் எழுதி, அப்படியே விட்டுவிட்டவர்கள் ஏராளம். காரணம் கேட்டால் ஊக்கம் போதவில்லை என்பார்கள். பெரும்பாலும் ஊக்கம் போதுமான அளவு இருந்திருக்கும். அதை எதற்கு, எந்த நேரத்தில், யாருக்காகச் செலவிடுவது என்பதில்தான் கோளாறு நடந்திருக்கும். இந்தக் கோளாறுகள் எழுதுபவர் யாரானாலும் ஒரே மாதிரி வருபவை. அதனால் முன்கூட்டியே கண்டுகொள்ளவும் முடியும்.

எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் தேடுவது

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் வெளிவந்த ஒரு கட்டுரையில், பிழைப்புத் தேவையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் உரைநடை எழுதுபவர்களை நான்கு விஷயங்கள் தூண்டுகின்றன என்றார்: தன்னைப் பற்றி நாலு பேர் பேச வேண்டும் என்ற ஆசை, சொல்லழகின் மேல் உள்ள மோகம், நடந்ததை உள்ளபடி பதிந்துவைக்கும் துடிப்பு, உலகத்தை ஒரு திசையில் நகர்த்தும் நோக்கம். நான்கும் எல்லாரிடமும் உண்டு, அளவுதான் ஆளுக்கு ஆள், காலத்துக்குக் காலம் மாறும் என்றும் சொன்னார். இவற்றோடு இன்னும் இரண்டைச் சேர்க்கலாம்: மனச்சுமையை இறக்கிவைப்பது, குழம்பிக் கிடக்கும் ஒன்றை எழுதி எழுதியே புரிந்துகொள்வது. பணம் ஏழாவது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"நான் ஏன் எழுதுகிறேன்?" என்று பொதுவாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அழகான பதில் வரும், எழுத்து வராது. கேள்வியைச் சின்னதாக்க வேண்டும்: கையில் இருக்கும் இந்த ஒன்றை ஏன் எழுதுகிறேன்?

ஒருவர் தன் தந்தையின் கடைசி நோய்க்காலத்தைப் பற்றி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குள் மூன்று காரணங்கள் இருக்கின்றன. துக்கத்தைக் கொட்ட வேண்டும். தொலைவில் இருந்ததால் வர முடியாமல் போன தங்கைக்கு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு கட்டுரைப் போட்டிக்கும் அனுப்ப வேண்டும். மூன்றையும் ஒரே தாளில் செய்யப் பார்க்கிறார். முதல் பத்தி அழுகையாக இருக்கிறது. இரண்டாவது பத்தியில் மருந்துகளும் தேதிகளும் வரிசையாக வருகின்றன. மூன்றாவதில் திடீரென்று நடை மாறி உவமைகள் ஏறுகின்றன. நான்காவது பத்தியில் கை நின்றுவிடுகிறது. யாரிடம் பேசுகிறோம் என்பதே தெரியாமல் போனதுதான் காரணம். அவரோ "எனக்கு எழுத வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்.

மூன்று தாள் எடுத்துக்கொள்வதே இதற்கு வழி. தனக்கான தாளில் ஒழுங்கு, தேதி, இலக்கணம் எதுவும் வேண்டாம். தங்கைக்கான தாளில் எந்த வாரம் பேச்சு நின்றது, யார் இரவில் கூட இருந்தார்கள், தந்தை கடைசியாக என்ன கேட்டார் என்பவை தேவை. உவமை ஒன்றுகூடத் தேவையில்லை. போட்டிக்கான தாளுக்கு அந்த மாதங்களில் ஒரே ஓர் இரவு போதும். ஒவ்வொரு தாளின் தலையிலும் இப்படி ஒரு வரியை எழுதிக்கொள்ளுங்கள்: "இதைப் படிக்கப்போவது இன்னார். படித்து முடித்ததும் அவருக்கு இது தெரிய வேண்டும்." இரண்டு வெற்றிடத்தையும் நிரப்ப முடியவில்லை என்றால் இன்னும் தொடங்கும் நேரம் வரவில்லை, இன்னொரு நாள் யோசிக்கலாம்.

தனக்கு எழுதியதை அப்படியே பிறர் கையில் கொடுப்பது

மனப்பாரம் குறைய எழுதுவது பயனுள்ள வேலை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். தங்களுக்கு நேர்ந்த மிகக் கடுமையான அனுபவத்தை, நடந்ததையும் அப்போதைய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் கூடியும் குறைந்தும்தான் கிடைத்திருக்கிறது. இதைச் சர்வரோக நிவாரணி என்று நினைக்க வேண்டாம்.

செய்முறையில் மூன்று இடத்தில் தவறு நடக்கிறது. எழுதி முடித்த உடனே மனம் இன்னும் கனமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து முதல் நாளோடு நிறுத்திவிடுவது ஒரு தவறு. அந்தக் கனம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் இறங்கும். அதேபோல, 4 நாளில் முடிய வேண்டியதை 40 நாள் நீட்டி அதே காயத்தைக் கிளறிக்கொண்டிருப்பதும் தவறு. இரண்டாம், மூன்றாம் நாளிலாவது "அதனால்", "இப்போது பார்த்தால்" போன்ற சொற்கள் தானாக வரத் தொடங்க வேண்டும். வெறும் புலம்பலாகவே நின்றால் அந்த விஷயத்தை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுங்கள். எழுதும்போது தாங்க முடியாத அளவுக்குப் போனால் பேனாவைக் கீழே வைத்துவிடலாம். நேற்று நடந்த பேரிழப்பை இன்றே எழுதத்தான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மூன்றாவது தவறு, அந்தத் தாள்களை அப்படியே வெளியே கொடுப்பது. யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் வந்த எழுத்து அது. அதை ஒருவர் படித்துவிட்டு "இந்த இடம் புரியவில்லை" என்றாலே போதும், எழுதியவருக்கு அடுத்த முறை மனம் திறக்காது. வெளியிடத்தான் வேண்டும் என்றால் புதிதாக எழுத வேண்டும். நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் செய்தது இதைத்தான். 1942 ஜூனில், 13 வயதில், அவர் நாட்குறிப்பைத் தனக்காகத் தொடங்கினார். 1944 மார்ச் 28 அன்று லண்டனிலிருந்து வந்த வானொலி உரையில், நாடு கடந்து இயங்கிய டச்சு அரசின் அமைச்சர் ஒருவர், போர்க்கால நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் மக்கள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்றார். அதைக் கேட்ட ஆன், அந்த மே மாதம் தனித்தாள்களில் முதலிலிருந்து திருப்பி எழுதத் தொடங்கினார். சில பகுதிகளை நீக்கினார், சிலவற்றை விரித்தார், ஆட்களுக்கு வேறு பெயர் வைத்தார். வாசகர் மாறியதும் எழுத்தும் மாற வேண்டும் என்பது 14 வயதில் அவருக்குத் தெரிந்திருந்தது.

மனநிலை வரட்டும் என்று காத்திருப்பது

இந்தத் தவறுதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகப் பக்கங்களைப் பறித்துக்கொள்கிறது. ராபர்ட் பாய்ஸ் என்ற உளவியலாளர் எழுத்துத் தடையால் அவதிப்பட்ட 27 கல்லூரி ஆசிரியர்களை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார். முடிவு 1983இல் வெளிவந்தது. அவசரம் என்றால் தவிர எழுதவே கூடாது என்பது முதல் குழுவுக்கு. மனம் வந்தால் எழுதலாம் என்பது இரண்டாவது குழுவுக்கு. மூன்றாவது குழு மனம் வந்தாலும் வராவிட்டாலும் எழுதியே ஆக வேண்டும். தவறினால் தங்களுக்குப் பிடிக்காத ஓர் அமைப்புக்குப் பணம் போய்விடும். நாளுக்குச் சராசரியாக முதல் குழு 0.2 பக்கம், இரண்டாவது 0.9, மூன்றாவது 3.2 எழுதின.

பக்கக் கணக்குகூட எதிர்பார்க்கக் கூடியதுதான். புதுச் சிந்தனைகளின் கணக்கைத்தான் கவனிக்க வேண்டும்: எழுதாதவர்களுக்கு 5 நாளுக்கு ஒன்று, மனம் வந்தபோது எழுதியவர்களுக்கு 2 நாளுக்கு ஒன்று, கட்டாயமாக எழுதியவர்களுக்குத் தினம் ஒன்று. எழுதப் புகுந்த பிறகுதான் சிந்தனை வருகிறது. அது வரட்டும் என்று வெளியே காத்திருப்பவருக்கு வருவது குறைவு.

இதை நடைமுறைப்படுத்தும்போது பலர் முதல் நாளே 3 மணி நேரம் உட்கார்ந்துவிடுகிறார்கள். மறுநாள் அந்த நாற்காலியைப் பார்த்தாலே அலுப்பு வரும். முதல் இரண்டு வாரம் 20 நிமிடம் போதும், 30 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டுவதைவிட, ஏற்கெனவே தினம் தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு கட்டுவது நிலைக்கும்: "பல் துலக்கி முடித்ததும் மேசைக்குப் போவேன்" என்பதுபோல. உட்கார்ந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலையையும் முந்தின நாளே முடிவு செய்துவிடுங்கள். "கட்டுரையைத் தொடர வேண்டும்" என்பது வேலை ஆகாது. "இரண்டாவது பத்தியில் தங்கை கேட்ட கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்" என்பது வேலை. அடுத்து என்ன வரும் என்று தெரியும் இடத்தில் அன்றைய எழுத்தை நிறுத்தச் சொல்லி அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே கொடுத்த யோசனை இதனால்தான் பலிக்கிறது. ஊற்று வற்றும்வரை எழுதிவிட்டு எழுந்தால், மறுநாள் வெறும் பக்கம்தான் வரவேற்கும்.

பல வருடம் அஞ்சல் துறை வேலையில் இருந்துகொண்டே எழுதி, மொத்தம் 47 நாவல் எழுதிய ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிராலப், கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணிக்கு 250 சொல் என்று கணக்கு வைத்தவர். அந்த எண்ணைப் பின்பற்ற வேண்டாம், அது பல வருடப் பழக்கத்தில் வந்தது. தொடங்குபவர்கள் சொல்லை எண்ணாமல் நிமிடத்தை எண்ணுவது நல்லது. சொல் இலக்கு வைத்தால், எண்ணிக்கை நிரம்ப வேண்டும் என்பதற்காக நீட்டி முழக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு நாள் விட்டுப்போனால்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியின் குழு செய்த ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக 18 முதல் 254 நாள் வரை ஆயிற்று. நடு அளவு 66 நாள். இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. விட்டதற்கு ஈடாக மறுநாள் இரண்டு மடங்கு எழுத முயல்வதுதான் பாதிக்கும். வழக்கமான 20 நிமிடத்தோடு நிறுத்துங்கள்.

பாராட்டை எழுதும் நேரத்துக்குள் விடுவது

1973இல் வெளிவந்த ஓர் ஆய்வில் உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஓவியம் வரைவதில் ஆர்வமுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளைக் கவனித்தார்கள். வரைந்தால் பரிசு என்று முன்பே சொல்லப்பட்ட குழந்தைகள், பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் வரைவதை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. பரிசு கெடுப்பதில்லை, பரிசுக்காகச் செய்கிறோம் என்ற நினைப்புதான் கெடுக்கிறது.

பெரியவர்களிடமும் இது தெரிந்தது. உளவியலாளர் டெரிசா அமபில் 1985இல் வெளியிட்ட ஆய்வில் 72 இளம் எழுத்தாளர்கள் கலந்துகொண்டார்கள். ஒரு கவிதை எழுதி முடித்தபின், சிலருக்கு எழுதுவதற்கான வெளிக் காரணங்களின் பட்டியல் தரப்பட்டது: ஆசிரியர் மெச்சுவார், பணம் வரும் என்பது போன்றவை. இன்னும் சிலருக்கு எழுதுவதன் இன்பம் சார்ந்த பட்டியல். தரவரிசைப்படுத்தச் சொன்னார்கள், அவ்வளவுதான். பிறகு எழுதிய கவிதையைக் கவிஞர்கள் மதிப்பிட்டபோது, வெளிக் காரணங்களை நினைத்துப் பார்த்தவர்களின் கவிதைகள் படைப்பூக்கத்தில் தெளிவாகக் கீழே இறங்கியிருந்தன. சில நிமிட நினைப்புக்கே இந்த வலு.

ஆகவே சன்மானம், விருப்பக் குறிகள், பரிசு அறிவிப்பு எதையும் எழுதுவதற்கு முந்தின ஒரு மணி நேரத்தில் பார்க்காதீர்கள். எழுதி முடித்த பிறகு, வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் பார்த்தால் போதும். பணத்துக்கு எழுதுபவர்கள் கட்டணம், நீளம், கெடு மூன்றையும் முதலிலேயே பேசி எழுதி வாங்கிவிட வேண்டும். பேசி முடியாத பணம்தான் எழுதும்போது நடுவில் வந்து நிற்கும்.

தொடங்கும் முன்பே ஊருக்குச் சொல்வது

"நாவல் எழுதப்போகிறேன்" என்று அறிவித்தால் பொறுப்பு வரும் என்று நினைக்கிறோம். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது: இன்னாராக ஆக வேண்டும் என்ற எண்ணத்தை மற்றவர்கள் கேட்டு அங்கீகரித்துவிட்டால், அதற்கான உழைப்பு குறைகிறது. வாழ்த்து கிடைத்ததுமே பாதி ஆகிவிட்டதுபோல ஒரு நிறைவு வந்துவிடுகிறது. சொல்லத்தான் வேண்டும் என்றால் ஒரே ஒருவரிடம், எழுதிய பக்கத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள்: "வெள்ளிக்கிழமை 3 பக்கம் அனுப்புகிறேன். எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தத் தோன்றியது என்று மட்டும் குறித்துக் கொடுங்கள்." அபிப்பிராயம் கேட்காதீர்கள். "நன்றாக இருக்கிறது" என்ற பதிலை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது.

காரணம் தீர்ந்துபோனதைக் கட்டிக்கொண்டு அழுவது

சில சமயம் காரணம் உண்மையிலேயே தீர்ந்துபோகும். கோபத்தில் தொடங்கிய கட்டுரை, கோபம் ஆறியதும் நகராது. யார் படிப்பார், அவருக்கு என்ன தெரிய வேண்டும் என்று தாளின் தலையில் எழுதிய அந்த ஒரு வரியை இன்றைய தேதியில் மறுபடி எழுதிப் பாருங்கள். படிப்பவரோ அவருக்குத் தெரிய வேண்டியதோ மாறியிருந்தால், பழைய வரைவைத் திருத்தாமல் புதுத் தாளில் தொடங்குங்கள். ஒட்டுப்போட்டால் இரண்டு குரலும் கேட்கும். மூன்று வெவ்வேறு நாள் முயன்றும் வரி நிரம்பாவிட்டால், உருப்படியான பத்திகளை மட்டும் வெட்டித் தனிக் கோப்பில் போட்டு, தலைப்பில் தேதியும் நின்ற காரணமும் குறித்து மூடிவையுங்கள். மறுநாளைய 20 நிமிடத்துக்கு வேறொரு தாளை எடுக்கலாம்.