பழைய வி.எஃப்.எல். தற்காப்பு வீரர் ஒருவரின் ஆட்டக் கணக்கைத் தொகுப்பது எப்படி?

ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்தின் பழைய விக்டோரியன் லீக்கில் (வி.எஃப்.எல்., இன்றைய ஏ.எஃப்.எல்.) கோலடிக்கும் ஃபார்வர்டைத் தேடுவது சுலபம். அடித்த கோல்களே அவரைக் காட்டிக்கொடுக்கும். தன் கோலைக் காக்கும் ஃபுல் பேக், அவருக்குச் சற்று முன்னே நிற்கும் ஹாஃப் பேக் ஆடியவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஏ.எஃப்.எல். டேபிள்ஸ் என்ற புள்ளிவிவரத் தளத்தில் 1897 முதல் ஆட்டவாரியாகப் பெயர்கள் உண்டு. ஆனால் அக்காலத்துக்குக் கோலைத் தவிர வேறு கணக்கு கிடையாது. மீதியை நாளிதழ்களில்தான் பொறுக்க வேண்டும்.

அந்தத் தளத்திலிருந்து தேதி, எதிரணி, மைதானம் மூன்றையும் ஒரு விரிதாளில் ஏற்றுங்கள், வரிசைக்கு ஓர் ஆட்டம். நின்ற இடம், எதிரே நின்றவர், ஆதாரம் ஆகிய கட்டங்களை இப்போதைக்குக் காலியாக விடுங்கள். அடுத்தது ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ், பழைய நாளிதழ்களை இணையத்தில் தேடிப் படிக்கும் தளம். ஆட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமை நடந்ததால், திங்கட்கிழமை மெல்போர்ன் நாளிதழ்களான ‘ஆர்கஸ்’, ‘ஏஜ்’ இதழ்களைத் திறக்கலாம். வார இதழான ‘ஆஸ்திரலேசியன்’ அடுத்த சனிக்கிழமை வரும். அதில் விவரம் கூடுதல்.

பலர் சறுக்குவது இங்கேதான்: ஆட்டத்துக்கு முன் வந்த அணிப் பட்டியலை அப்படியே எழுதிவிடுவார்கள். அது தேர்வான அணி, ஆடிய அணி அல்ல. கடைசி நேரத்தில் ஆள் மாறுவது சகஜம். திங்கள் செய்தியில் பெயர் இருந்தால் மட்டும் உறுதி செய்யுங்கள். 1897, 1898 பட்டியல்களில் 20 பெயர்கள் இருந்தால் அது பிழையல்ல; 18 பேர் என்பது 1899-இல்தான் வந்தது.

செய்தியை முழுக்கப் படிக்க நேரமில்லையென்றால், எதிரணிக்குக் காற்று சாதகமாக இருந்த கால்பகுதியை மட்டும் படியுங்கள். பந்து தன் கோல் பக்கம் வந்தால்தான் நிருபர் தற்காப்பு வீரரின் பெயரை எழுதுவார். பிஹைண்டுக்கு (கோல் தவறி ஒரு புள்ளி மட்டும் கிடைப்பது) பிறகு பந்தை உதைத்து விட்டவர் பெயர் கிடைத்தால் இன்னும் நல்லது. அது வழக்கமாக ஃபுல் பேக்கின் வேலை.

பெயரைத் தேடும்போது எழுத்துக்கூட்டல் கைவிடும். காலிங்வுட் அணியின் ஜாக் மோனொஹனை ‘மோனஹன்’ என்றும் தேட வேண்டும். இயந்திரம் வாசித்த எழுத்திலும் பிழை மலிந்திருக்கும். ஆகவே பெயரை விட்டுவிட்டு, இரு அணிகளின் பெயரையும் தேதியையும் கொடுத்துத் தேடிப் பக்கத்தைக் கண்ணால் பாருங்கள். புகைப்படத்தை நம்பி ஆளை அடையாளம் காண்பது ஆபத்து: லீக் ஆட்டங்களில் சட்டை எண்கள் வழக்கமானது 1912-இல்தான்.

இடைவெளி தென்பட்டால் உடனே ‘காயம்’ என்று எழுதாதீர்கள். கிளப் மாற அனுமதி வேண்டியிருந்ததால் அந்தச் செய்திகள் இதழ்களில் வந்தன, அவற்றைப் பாருங்கள். மேற்கு ஆஸ்திரேலியத் தங்க வயல்களுக்குப் போயிருக்கலாம் என்றால் ‘கால்கூர்லி மைனர்’ இதழையும் தேடுங்கள். முதல் உலகப் போர் காரணமாக 1916-இல் கார்ல்டன், காலிங்வுட், ஃபிட்ஸ்ராய், ரிச்மண்ட் ஆகிய நான்கு அணிகளே ஆடின. போருக்குப் போனவராக இருந்தால், தேசிய ஆவணக் காப்பகத்தின் பி2455 வரிசையில் அவருடைய கோப்பு இணையத்திலேயே கிடைக்கும்.