படம் பாத்தாச்சு, இப்ப எப்படி சொல்றது?

படம் பாத்துட்டு வந்து குரூப்ல "செம", "மொக்க"னு ஒத்த வார்த்தைய போட்டுட்டு போயிடாதீங்க. கொடைக்கானல்ல இருந்து வளைவெல்லாம் எறங்கி பழனிக்கோ வத்தலக்குண்டுக்கோ போய் பாக்கலாமானு யோசிக்கிறவங்களுக்கு அது எதுக்கு ஆகும்?

மொதல்ல எங்க பாத்தீங்கனு சொல்லுங்க. போன்ல பாத்துட்டு சவுண்ட் சரியில்லனு எழுதுறது அநியாயம், நடுவுல கரண்ட் போயி மிச்சத்த மறுநாள் பாத்திருந்தா அதையும் போடுங்க, படம் இழுவையா தெரிஞ்சதுக்கு அதுகூட காரணமா இருக்கலாம்.

அப்புறம் ஒரே ஒரு சீன எடுத்து அது ஏன் உங்கள புடிச்சு இழுத்துச்சுனு எழுதுங்க. இன்டர்வெல்லுக்கு மேல கதை சொல்லணும்னா "ஸ்பாய்லர்"னு போட்டு எடம் விட்டு ஆரம்பிங்க, இல்லனா திட்டு வாங்குவீங்க.

நம்ம ஊரு கொடைக்கானல் வர்ற படம்னா தான் பெரிய சிக்கல். 2024ல மஞ்சும்மல் பாய்ஸ் வந்தப்ப, 2006ல இங்க குணா குகையில ஒருத்தர் குழிக்குள்ள விழுந்து, கூட வந்தவங்க காப்பாத்துன நிஜ சம்பவம்ங்கிறதால ஆளாளுக்கு அங்க பாறை இப்படி இருக்காது, பாதை அப்படி போகாதுனு தான் பேசுனாங்க. குகை உள்ள வர்ற சீனுக்கு செட்டு போட்டாங்கப்பா! டெவில்ஸ் கிச்சன்னு இருந்த எடத்துக்கு குணா குகைனு பேர் வந்ததே 1991ல வந்த கமல் படத்தால தானே. ஊர்க்காரரா தெரிஞ்சத தாராளமா சொல்லுங்க, ஆனா அவர மீட்க கயிறு எறங்குறப்ப உங்களுக்கு மூச்சு முட்டுச்சா இல்லையானு அதுக்கு முன்னாடி சொல்லிடுங்க.

புடிக்கலையா, படத்த திட்டுங்க, பாத்தவங்கள திட்டாதீங்க.